எபிசென்டர்: தரைமேல் ஒரு புள்ளி

“நிலநடுக்கத்தின் எபிசென்டர் பூமிக்கு அடியில் 10 கி.மீ. ஆழத்தில் இருந்தது.” உலகின் எந்த மூலையில் நிலம் அதிர்ந்தாலும் இப்படி ஒரு வரி செய்தியில் வந்துவிடுகிறது. வரி பிழையானது. எபிசென்டருக்கு ஆழமே கிடையாது.

பூமிக்குள் பாறைகள் பிளவுபட்டு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் இடங்கள் உண்டு. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறி, தாங்க முடியாத கட்டத்தில் ஓரிடத்தில் பாறை சட்டென நழுவத் தொடங்கும். நழுவல் தொடங்கும் அந்த இடம் ஹைப்போசென்டர். ஃபோகஸ் என்றும் சொல்வார்கள். அதற்கு நேர் மேலே, தரைப்பரப்பில் நாம் குறிக்கும் புள்ளிதான் எபிசென்டர். ஆழம் உள்ளே இருப்பதற்கு மட்டுமே. மேலே இருப்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை போதும்.

எபிசென்டர், ஹைப்போசென்டர் இரண்டும் கிரேக்க வேர்ச்சொற்களால் ஆனவை. ‘எபி’ என்றால் மேல், ‘ஹைப்போ’ என்றால் கீழ். ‘கென்ட்ரான்’ என்றால் முள், கூர்முனை. மாடு ஓட்டும் தாற்றுக்கோலின் முனையையும் அது குறித்தது. வட்டம் வரையும் கவராயத்தின் கூர்முனை ஊன்றி நிற்கும் இடமும் அதே பெயரைப் பெற, சொல்லுக்கு ‘நடுப்புள்ளி’ என்ற பொருள் வந்தது. இதே கென்ட்ரான் கிரேக்கச் சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்குப் போய் ‘கேந்திர’ ஆனது. ஜாதகத்தில் 1, 4, 7, 10-ஆம் வீடுகளைக் கேந்திரம் என்கிறார்களே, அந்தச் சொல்லும் எபிசென்டரின் பிற்பாதியும் ஒரே வேரில் பிறந்தவை.

இந்தப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 1857 டிசம்பரில் தென் இத்தாலியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் இடிந்த ஊர்களைச் சுற்றிவந்து, சுவர்களில் விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, எது எந்தத் திசையில் விழுந்தது என்று குறித்தார். அந்தத் திசைகளைப் பின்னோக்கி நீட்டி, அவை கூடும் இடத்தைத் தேடினார். இப்போது அதற்குக் கருவிகள் இருக்கின்றன. அதிர்வு இரண்டு வகை அலைகளாகப் பாறைக்குள் பாய்கிறது: முந்திவரும் முதன்மை அலை, பின்தங்கி வரும் இரண்டாம் அலை. இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி தாமதம் என்றால் தோராயமாக 8 கி.மீ. தொலைவு. மூன்று நிலையங்களிலிருந்து அந்தந்தத் தொலைவை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைத்துவிடும்.

ஆழத்தைக் கணிப்பது இவ்வளவு சுலபமில்லை. அருகில் நிலையங்கள் போதாத இடத்தில், ஆழம் குறைந்த நிலநடுக்கம் என்று மட்டும் தெரிந்தால், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 10 கி.மீ. என்று ஒரு பொது எண்ணை வைத்துவிடும். முன்பு அந்த எண் 33 ஆக இருந்தது. செய்திகளில் 10 கி.மீ. அடிக்கடி தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் எபிசென்டருக்கு ‘மேல்மையம்’, ‘வெளிமையம்’ என்ற சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு மேல்மையத்துக்கே. ‘எபி’யின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது, கீழே இருப்பதைக் ‘கீழ்மையம்’ என்று சொல்லி இணையாக நிறுத்தவும் வசதி. ஃபோகஸ் என்பதற்குக் ‘குவியம்’ என்று சொல்வதும் தவறல்ல, ஆனால் ஒளியியலில் ஏற்கெனவே அதற்கு வேலை இருக்கிறது. வெறும் ‘நிலநடுக்க மையம்’தான் தொல்லை. மேலா கீழா என்று அது சொல்வதில்லை; போதாக்குறைக்கு “நிலநடுக்கத்தின் மையம் 10 கி.மீ. ஆழத்தில் இருந்ததாக ஆய்வு மையம் தெரிவித்தது” என்று அலுவலகமும் ஒரு மையமாக வந்து நிற்கும். “மேல்மையம் இன்ன ஊருக்கு அருகே, கீழ்மையம் இத்தனை கி.மீ. ஆழத்தில்” என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

மேல்மையத்தில்தான் சேதம் அதிகம் என்றும் எண்ணிவிட வேண்டாம். நழுவல் அதற்கு நேர் கீழே தொடங்குகிறது, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் தொடங்கிய பிளவு, வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போனது. வரைபடத்தில் இட்ட ஒற்றைப் புள்ளி இதை எப்படிக் காட்டும்? 1985-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் மேல்மையம். சுமார் 350 கி.மீ. தள்ளி இருந்த மெக்சிகோ சிட்டியில் கட்டடங்கள் நொறுங்கின. பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண் அங்கே அதிர்வைப் பெருக்கிவிட்டது. 2013-இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள ஓகோட்ஸ்க் கடலடியில் 8.3 அளவில் ஏற்பட்டதோ நேரெதிர்: கீழ்மையம் 600 கி.மீ.க்கும் கீழே இருந்ததால் மாஸ்கோ வரை உணரப்பட்டும் பெரிய சேதமில்லை.

இன்று எபிசென்டர் நிலநடுக்கத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவைப் பெருந்தொற்றின் எபிசென்டர் என்றது. போராட்டம், ஊழல் எல்லாவற்றுக்கும் இப்போது ஓர் எபிசென்டர் உண்டு. அங்கெல்லாம் மேல்மையம் என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். கீழே ஒன்றும் இல்லையே. தொற்றுக்கு ‘மையம்’ போதும், ஊழலுக்கு ‘ஊற்றுக்கண்’ இருக்கிறது.