கடைசியில் வருகிறவருக்குச் சுகர் இறங்கினால்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், பாண்ட்கானா புல்வெளி ஓரம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளோடு கூடுவோம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பள்ளி ஆசிரியை, பேரக் குழந்தைகளை வெள்ளிக்கிழமையே அனுப்பிவைத்துவிட்டு வரும் பாட்டி என்று எல்லா மாதிரியும் உண்டு. போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் குழு இல்லை இது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகம், நடுவில் ஒரு கஃபே, யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போவதில்லை. முன்னால் ஒருவர் வழி காட்டுவார். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒருவர் வருவார். பெரும்பாலான வாரங்களில் அந்தக் கடைசி ஆள் நான்தான். மற்ற நாட்களில் என் வேலை டயபெடிஸ் நர்ஸ்.

இரண்டு வேலையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்ட ஒரு அக்டோபர் காலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்று செயின்ட் ஃபாகன்ஸ் வழியாக பீட்டர்ஸ்டன், பெண்டாய்லன் தாண்டி கவ்பிரிட்ஜ் போய்த் திரும்புவதாகத் திட்டம். போக வர கிட்டத்தட்ட 30 மைல். இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகள் ஒரு கார் போகும் அகலம்தான். இருபுறமும் ஆளை மறைக்கும் உயரத்துக்குப் புதர்வேலி. வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் வருகிறதா குதிரை வருகிறதா என்று தெரியாது. அதனால் குழுவில் குரல் கொடுத்துக்கொண்டே போவோம். எதிரே கார் வந்தால் ‘கார் அப்’. பின்னால் வந்தால் ‘கார் பேக்’. பள்ளம் என்றால் ‘ஹோல்’. முன்னால் இருப்பவர் சொன்னதை அடுத்தவர் வாங்கித் தனக்குப் பின்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். அப்படியே அது கடைசி ஆள்வரை வந்து சேரும்.

பெண்டாய்லனைத் தாண்டி ஏறும்போது என் முன்சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் போனவர் அறுபது வயதைத் தாண்டியவர், குழுவில் சேர்ந்து நான்கே வாரம். வாய் ஓயாமல் பேசுகிறவர். மற்றவர்களைவிடச் சத்தமாக ‘ஹோல்’ என்று கத்துவதும் அவர்தான். அன்று அவருக்கு முன்னால் இருந்தவர் கத்தியது எனக்கே லேசாகக் கேட்டது. இவரிடம் வந்ததும் அது நின்றுபோயிற்று.

கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. வேல்ஸ் சாலைகளில் இரண்டு மொழியிலும் எழுதியிருப்பார்கள்: ஆங்கிலத்தில் ‘ஸ்லோ’, வெல்ஷில் ‘அராவ்’. வெள்ளை எழுத்துகளின் மேல் எல்லாரும் பிரேக் பிடித்து மெதுவானார்கள். இவர் பிடிக்கவில்லை. அகலமாகப் போய் எதிர்ப்பக்கப் புதரை உரசிக்கொண்டு திரும்பினார். நான் பக்கத்தில் போய், “ஒரு நிமிடம் நிற்போமா?” என்றேன். “எனக்கு ஒன்றுமில்லை, என்னை விடு” என்று எரிந்து விழுந்தார். நான்கு வாரத்தில் அவரிடமிருந்து ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டதில்லை. அவருடைய கழுத்தைப் பார்த்தேன். பத்து டிகிரிக் குளிரில் ஜெர்ஸியின் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தேன். ஒரு பண்ணை வாசலில் அவரை உட்கார வைத்தோம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. தலையை மட்டும் ஆட்டினார். ஜெர்ஸியின் பின்பையில் மீட்டர் இருந்தது. குளிரில் விரலிலிருந்து ரத்தம் வரவில்லை. தேய்த்துச் சூடாக்கிக் குத்தியபோது, இங்குள்ள கணக்கில் (mmol/L) 2.9. நம் ஊர்க் கணக்கில் (mg/dL) 52. நான்குக்குக் கீழே, அதாவது 72-க்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று இங்கே எல்லா நோயாளிக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். என் பையில் இருந்த ஜெல்லி பேபி மிட்டாயில் நான்கை ஒவ்வொன்றாக மெல்ல வைத்தேன். கால் மணி நேரம் கழித்து 4.6. அதற்கப்புறம்தான் அவருக்குக் கண்ணில் ஆள் தெரிந்தது. முதலில் சொன்னது, “சாரி” என்ற வார்த்தை.

நடந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். கஃபேயில் கேக் சாப்பிடப் போகிறோமே என்று காலை டோஸ்ட்டைத் தவிர்த்திருக்கிறார். சுகரைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு ஒன்றரை மணி நேரம் மிதித்திருக்கிறார்.

சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், கால் துவளும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஏற்றத்தைச் சைக்கிளில் ஏறிப் பாருங்கள், இதெல்லாம் நல்ல ஆரோக்கியமானவருக்கும் வரும். அதனால் ஓட்டும்போது உடம்பு காட்டும் அடையாளத்தை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்துபோவோம். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் சரியாகத் தெரியாமலே போகலாம். நான் இப்போது நடத்தையைத்தான் கவனிக்கிறேன். குரல் கொடுப்பவர் மௌனமாகிறாரா? நேராக ஓட்டுபவர் அலைகிறாரா? சாந்தமானவர் சிடுசிடுக்கிறாரா? ஒரு குழுவில் இந்த மூன்றும் தெரிய வரும். தனியாகப் போகிறவருக்கு இதைச் சொல்ல ஆள் கிடையாது.

யாருக்கு ஆபத்து என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே சைக்கிள் மிதித்தால் மருந்து வேகமாக உடம்பில் ஏறும்; வயிற்றில் போடுவது நல்லது. நீண்ட தூரம் போகும் நாளில் மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று முன்கூட்டியே உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கையில் வைத்திருக்க வேண்டியது வேகமாக ஏறும் சர்க்கரை, 15 முதல் 20 கிராம். நான்கு ஜெல்லி பேபி, அல்லது குளுகோஸ் மாத்திரை, அல்லது சின்ன டப்பா பழச்சாறு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பழைய ஞாபகத்தில் ஏதோ ஒரு குளிர்பானத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 2018-இல் பிரிட்டனில் சர்க்கரை வரி வந்ததை ஒட்டிப் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கஃபேயில் பாரா பிரித் தின்ற விரலை அப்படியே குத்திப் பார்ப்பதும் தவறு. அந்த உலர்பழ ரொட்டியின் பிசுபிசுப்பு விரலில் இருந்தால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுகர் வேகமாக இறங்கும் நேரத்தில் சென்சார் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும்.

மீட்டர் இல்லையா? காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதுவும் போடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிடுங்கள்.

சரியானதும் உடனே கிளம்பிவிடக் கூடாது. முதலில் ஒரு வாழைப்பழமோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். இங்கே கார் ஓட்டுபவர்களுக்கு, சுகர் சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள், மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால். சைக்கிளுக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் ஓட்டுவது அதே மூளைதான், ஆகவே நான் அதே கணக்கைத்தான் சொல்கிறேன். அன்று இரவும் கவனம் வேண்டும். நீண்ட தூரம் மிதித்த பின் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சுகர் இறங்கலாம். திரும்பும் வழியில் பப்பில் பியர் குடித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் சைக்கிளை மூலையில் சாய்த்துவிடாதீர்கள், எனக்கு அதுதான் பயம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று பிரிட்டனில் பரிந்துரைக்கிறார்கள். ஒரு சனிக்கிழமைச் சவாரியிலேயே அது முடிந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு இதைவிட நல்ல கூட்டாளி எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் பிறகு கேட்டேன். “சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்தேன். இல்லையென்றால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துவீர்கள்” என்றார். இதே பதிலைத் தமிழில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் வேலை செய்யும் நம்மவர்களில் ஆபீசில் சொல்லாதவர்கள், கோயிலில் சொல்லாதவர்கள், சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையைப் பர்ஸில் ஒளித்து வைப்பவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். நாலு பேர் வேண்டாம், கூட ஓட்டுகிற இரண்டு பேருக்குத் தெரியட்டும்: வழி காட்டுபவர், கடைசியில் வருபவர். உங்களுக்கு என்ன இருக்கிறது, சர்க்கரை எந்தப் பையில் இருக்கிறது, எப்போது 999-ஐக் கூப்பிட வேண்டும். அரை நிமிடப் பேச்சு.

வழிநடத்துபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எல்லார் முன்னாலும் “யாருக்காவது வியாதி இருக்கிறதா” என்று கேட்டால் யார் கை தூக்குவார்கள்? எங்கள் குழுவில் இப்போது புதிதாக வருபவரைத் தனியாக அழைத்து, “நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?” என்று கேட்கிறோம். சொன்னவருக்கு உபதேசம் எதுவும் செய்வதில்லை. அகலமான சாலைகளில் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் ஓட்டும்படி ஜோடி சேர்க்கிறோம். 2022 ஜனவரியில் திருத்திய பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடு, குழுவாகப் போகும்போது இருவர் இருவராக ஓட்டலாம் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. பேசிக்கொண்டே போகிறவரிடம் மாற்றம் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவர் இப்போதும் வருகிறார். சென்ற சனிக்கிழமை செயின்ட் ஃபாகன்ஸ் தாண்டியதும் அவரே கையை உயர்த்தி, “ஸ்டாப்பிங்” என்று கத்தினார். மீட்டர் 4.1. ஹேண்டில்பார் பையைத் திறந்து ஜெல்லி பேபியை எடுத்து மென்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் எல்லாரும் ஒரு மரத்தடியில் நின்றோம், பஸ் டிரைவர் தன் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மறுபடி குத்திப் பார்த்தபோது 5.8. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எனக்கு முன்னாலிருந்து அவருடைய குரல் வந்தது: “ஹோல்!”