மலையேறினால் இருமும் பழைய பைக்

கொழும்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பழைய பைக்கை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து நுவரெலியாவில் இறக்குங்கள். இருமும், கறுப்பாகப் புகைக்கும், ரம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுக்காது. உடனே நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்பார் ஒருவர், சிலிண்டரைக் குடைந்து ரீபோர் பண்ணாமல் சரிவராது என்பார் இன்னொருவர். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும் வரையான காலத்தில் பழைய பைக்குகளுக்கு மவுசு கூடிவிட்டது, வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தாங்களே பிரித்துப் பூட்டுகிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிலிண்டரில் கை வைக்காதீர்கள், பெயின்ட் டப்பாவையும் திறக்காதீர்கள், காற்றையும் பெற்றோலையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேட்டரைக் கழற்றுங்கள் என்பதுதான். நம் மலைகளில் பழைய வண்டிக்கு வருகிற கோளாறுகளில் பெரும்பங்கு ஒரே கோளாறுதான்: காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போவது.

காபரேட்டரில் மூளை என்று எதுவும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது, அந்தக் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் போகிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும், வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் அந்த அழுத்தக் குறைவால் ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துளை வழியாக மேலே வந்து காற்றோடு தூறலாகக் கலக்கிறது. ஜெர்மனியில் மேபாக் 1893இல் செய்த காபரேட்டரும் இதே விதத்தில்தான் வேலை செய்தது. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். துளையின் அளவை இந்தக் கணக்குக்குப் பொருத்தி வைத்தவர்கள் கடல் மட்டத்துக் காற்றை மனதில் வைத்துத்தான் செய்தார்கள்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. (மலையில் ஒட்சிசன் விகிதம் குறைவு என்று பலர் சொல்வது சரியில்லை. கொழும்பிலும் பிதுருதலாகலை உச்சியிலும் அது 21 சதவீதம்தான், மொத்தக் காற்றுத்தான் குறைவு.) குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. கொழும்பில் 30 பாகை, இங்கே 16 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு உறிஞ்சலில் உள்ளே போகிற காற்றின் எடை 16 சதவீதம் அளவுக்குக் குறையும். பெற்றோலும் அதே அளவு குறைந்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் குறையாது. ஒரு துளையில் இரண்டு மடங்கு பெற்றோல் வரவேண்டுமானால் நாலு மடங்கு உறிஞ்சு விசை வேண்டும். அதே விதியால்தான், காற்றின் எடையோடு சேர்ந்து தொண்டையின் உறிஞ்சு விசையும் 16 சதவீதம் குறையும்போது பெற்றோல் 8 சதவீதம் மட்டும் குறைகிறது. முடிவில் கலவையில் பெற்றோல் 9 சதவீதம் கூடி நிற்கும். முழுத் திராட்டிலில், அதாவது எக்சிலரேட்டரை முழுக்கத் திருகும்போது, பழைய வண்டிகளின் கலவை எப்படியும் ஒரு கிராம் பெற்றோலுக்கு 13 கிராம் காற்றுக்குக் கிட்டத்தான் இருக்கும், அது 12க்குக் கீழே இறங்கினால் ஸ்பார்க் பிளக் கறுக்கத் தொடங்கும், இழுவை போய்விடும்.

சரி, சின்ன ஜெட் போட்டால் தீர்ந்தது என்று கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். ஜப்பான் வண்டிகளில் வருகிற கெய்ஹின் ஜெட்டின் இலக்கம் பெரும்பாலும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். விட்டம் 4 சதவீதம் சுருங்கினாலே பெற்றோல் 8 சதவீதம் குறைந்துவிடும், ஆகவே 100க்குப் பதில் 95 போதும். பிரித்தானிய வண்டிகளின் அமால் ஜெட்டில் இருப்பதோ நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் ஓடும் என்ற இலக்கம். அங்கே 100க்குப் பதில் 90 பக்கம் வரவேண்டும். நான் இப்போது பிரித்துப் போட்டிருப்பது ஒரு பி.எஸ்.ஏ. பேன்டம். 1948இல் வந்த மாடல், போர் முடிந்து ஜெர்மனியிடமிருந்து ஈடாக எடுத்த டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வரைபடத்திலிருந்து பிறந்தது. அதில் இருப்பது அமால். ஹொண்டாக்காரர் சொன்ன இலக்கக் கணக்கை அப்படியே இதற்குப் போட்டால் பாதி வழிதான் போய்ச் சேரும்.

இதைவிட மோசமானது ஜெட்டின் துளையில் கம்பி விடுவது. பல வருஷம் நின்ற வண்டியின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பும் பச்சையுமாகப் பிசின் பிடித்திருக்கும். பெற்றோலில் லேசான பகுதியெல்லாம் ஆவியாகப் போக, மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டியானது அது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடுகிற சின்ன ஜெட்டை, அதாவது பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி முனையளவு ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே இரும்புக் கம்பியைத் தேடுவது நம்மவர் வழக்கம். பித்தளை இரும்பைவிட மிருது. 0.40 மில்லிமீட்டர் துளை கம்பி பட்டு 0.44 ஆனால், கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் துளையின் பரப்பை 21 சதவீதம் கூட்டிவிடும். மலை செய்கிற கெடுதலைப் போல இரண்டு மடங்கு! காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் அசையாவிட்டால் மெல்லிய தூண்டில் நைலோன் நூலை விட்டுப் பாருங்கள்.

அடுத்தது மூடுபனி. பாதி வெறுமையாக நிற்கும் பெற்றோல் தாங்கி பகலில் சூடேறி ஆவியை வெளியே தள்ளும், ராத்திரியில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டில் பனித்து, பெற்றோலைவிடப் பாரமானதால் அடியில் போய்த் தங்கும், துரு அங்கேதான் தொடங்கும். துருத் தூள், கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கிற மிதவை ஊசியின் இருக்கையில் சிக்கினால் ஊசி மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும், திரும்பவும் பெற்றோல் கூடுதல்தான். வினாகிரியை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால் துரு கரைந்து வரும். பிறகு அப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் கலந்த பெற்றோலைச் சுழற்றிவிட வேண்டும். ஈரத்தோடு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது புதுத் துரு செம்மஞ்சளாகப் படிந்திருக்கும்.

எங்கே பெற்றோல் கூடுகிறது என்று பிடிக்கத் திராட்டிலில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் எட்டில் ஒரு பங்கு பைலட் ஜெட்டின் ராச்சியம், அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் (திராட்டிலைத் திருகும்போது தொண்டையில் மேலேறுகிற அடைப்பு) சரிவு வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேலே மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கிப் பெற்றோல் குறையும். இதைத் தலைகீழாக நினைத்துக் குழம்பாதவர் குறைவு. பேன்டம் மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிற டூ ஸ்ட்ரோக் வண்டியில் காதே போதும், பெற்றோல் கூடினால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுத்தான் வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் வரும். பிறகு பிளக்கைப் பாருங்கள், முனையைச் சுற்றிய வெள்ளைப் பீங்கான் பிளேன் டீ நிறத்தில் இருந்தால் கலவை சரி.

பழைய வண்டியில் இன்னொரு சூதும் உண்டு. ஸ்லைட் தேய்ந்து பக்கவாட்டில் காற்றுக் கசிந்தால் கலவையில் பெற்றோல் குறையும், மலையோ கூட்டுகிறது, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து வண்டி நன்றாக ஓடுவது மாதிரித் தெரியும். புது ஸ்லைட் போட்ட அன்றைக்குத்தான் புகைக்கத் தொடங்கும், பழி புது ஸ்லைட்டின் மேல் விழும்.

எல்லாம் சரிசெய்தாலும் 16 சதவீதக் காற்று இல்லாமல் போனது போனதுதான், அந்தச் சக்தியை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துப் போங்கள். ஆனால் இறங்கும்போது கவனம். நுவரெலியாவுக்கு ஒத்துப்போன சின்ன ஜெட்டோடு ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் காற்று கூடிக்கொண்டே போகும், பெற்றோல் அந்த அளவுக்குக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு எண்ணெய் வருவதே பெற்றோலோடுதான். கீழே சமவெளியில் முழுத் திராட்டிலில் விட்டால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பழைய மெயின் ஜெட்டை டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போய், கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தும்போது மாற்றிவிடலாம். ஒரு ஸ்பேனரும் ஒரு பழைய துணியும் இருந்தால் போதும், இஞ்சின் ஆறும் வரை மட்டும் பொறுத்திருங்கள்.