பத்து மணிக்கு டிஸ்சார்ஜ், ஆறரைக்கு வீடு

பெரியம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னது காலை பத்து மணிக்கு. பெங்களூரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெரியம்மா உடனே புடவை மாற்றி, ஃப்ளாஸ்க்கைக் கழுவிப் பையில் வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அல்சூரில் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது மணி ஆறரை. நடுவில் யாரும் வேலை செய்யாமல் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சிஸ்டர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்புறம் அத்தனை நேரம் எங்கே போனது?

என் பிழைப்பே இந்த மாதிரிக் கேள்விதான். கம்பெனிகளில் ஒரு வேலை எங்கே தொடங்கி யார் யார் வழியாக எப்படி முடிகிறது என்று படம் வரைந்து கொடுப்பவன் நான். கை சும்மா இருக்காமல், லேப் ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது எல்லாருக்கும் தெரிந்த ஃப்ளோசார்ட். இதன் மூதாதை, ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த 'ப்ராசஸ் சார்ட்'. டாக்டர் கையெழுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி, மிச்ச மருந்தைத் திருப்புவது, லேப் கணக்கு, பில், காப்பீட்டு ஒப்புதல் என்று ஆறு கட்டம், நடுவில் அம்புகள். ஒவ்வொன்றிலும் கை ஓடும் நேரத்தைக் கூட்டினால் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. அங்கேதான் ஏமாந்துபோகிறோம். காகிதத்தில் அரை அங்குலம் இருக்கும் அம்பு, வார்டில் மூன்று மணி நேரமாக இருக்கலாம். ஃப்ளோசார்ட்டுக்கு வேலை தெரியும், காத்திருப்பு தெரியாது.

அடுத்தது ஸ்விம்லேன். தாளைப் பட்டை பட்டையாகப் பிரித்து, வார்டுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பில் கவுன்ட்டருக்கு ஒன்று என்று கொடுத்துவிட வேண்டும். கோடு எங்கெல்லாம் பட்டை தாண்டுகிறதோ, அங்கெல்லாம் ஃபைல் யாராவது ஒருவர் மேசையில் படுத்துக்கிடக்க வாய்ப்பு உண்டு. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இப்போது தெரிகின்றன. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அதற்கு கார்ல் ஆடம் பெட்ரியிடம் போக வேண்டும். 1962-இல் இந்த ஜெர்மானியர் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டிலிருந்து வளர்ந்ததுதான் பெட்ரி வலை. பார்த்தால் மிரட்டும், பல்லாங்குழி ஆடிய கைக்குப் பழகியதுதான். வட்டம் என்பது குழி. அதற்குள் விழுவது காய். குழிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டை. அது ஒரு வேலை. அந்தக் கட்டைக்குள் வரும் எல்லாக் குழிகளிலும் காய் இருந்தால்தான் வேலை நடக்கும். நடந்ததும், வரும் குழிகளில் ஒவ்வொரு காயை எடுத்து, போகும் குழிகளில் ஒவ்வொன்று போடும். ஆட்டம் அவ்வளவுதான்.

இப்போது பெரியம்மா கதையை ஆடிப் பார்ப்போம். டாக்டர் கையெழுத்தானதும் மூன்று காய்கள் ஒரே நேரத்தில் கிளம்பின: சம்மரி, மருந்து, லேப். சம்மரி பதினோரு மணிக்குக் குழியில் விழுந்தது. லேப் கணக்கு பதினொன்றரைக்கு. மருந்து வந்தது ஒன்றே முக்காலுக்கு. லேப், மருந்து இரண்டும் இருந்தால்தான் பில் போட முடியும். பில்லும் சம்மரியும் சேர்ந்தால்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப முடியும். ஆக, சம்மரியை அரை மணி முன்னால் டைப் செய்திருந்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகியிருக்காது. எங்கே அவசரப்பட்டுப் பயனில்லை என்று காட்டுவது இந்தப் படத்தின் தனிக் குணம்.

மருந்து ஏன் தாமதம்? வார்டு பையன் மூன்று நோயாளிகளின் மருந்துக் கவர்கள் சேரட்டும் என்று காத்திருந்து, ஒரே நடையாகக் கீழே போனான். அந்த லிஃப்ட்டுக்கு நின்றவர்கள் யாரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள். பில் இரண்டரைக்குத்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது, ஒப்புதல் ஐந்தேகாலுக்கு வந்தது. மருத்துவமனையின் கோரிக்கை கைக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 உத்தரவு. விதி மீறவில்லை. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே கோரிக்கை போன பிறகுதானே!

இன்று அலுவலகங்களில் அதிகம் புழங்குவது பி.பி.எம்.என். (பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன்), அதாவது வேலை நடக்கும் விதத்தை வரைவதற்கான பொதுவான குறிகளின் தொகுப்பு. 2004-இல் வந்தது, 2011-இல் இரண்டாம் பதிப்பு, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரம். ஸ்விம்லேனின் பட்டைகளும் பெட்ரியின் காய் கணக்கும் இதில் சேர்ந்திருக்கின்றன. கூட்டல் குறி போட்ட சாய்சதுரம் இருந்தால், வரும் பாதை எல்லாவற்றிலும் காய் சேரும்வரை காத்திரு என்று பொருள். பெருக்கல் குறி என்றால் ஏதோ ஒரு பாதை போதும். கணினி இதை நேரடியாக இயக்கவும் செய்யும். குறிகள்தான் எக்கச்சக்கம். மைக்கேல் சூர் மியூலன், யான் ரெக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் இப்படி வரைந்த 120 படங்களை அலசியபோது, ஒரு படத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக் குறிகள்கூடப் பயன்படவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மென்பொருளில் ஓட வேண்டிய படமா, முழு பி.பி.எம்.என். வரையலாம். மனிதர்கள் பார்க்கவா, பட்டைகளும் அந்த இரண்டு சாய்சதுரங்களும் போதும். பெட்ரி வலையை மீட்டிங்கில் காட்டி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

படத்துக்கான விவரத்தை எப்படிச் சேகரிப்பது? மீட்டிங்கில் கேட்டால், நடக்க வேண்டியதைச் சொல்வார்கள், நடப்பதைச் சொல்ல மாட்டார்கள். கணினிப் பதிவுகளின் நேரத்தை வைத்துப் படத்தைத் தானே பின்னிக்கொள்ளும் ப்ராசஸ் மைனிங் நல்ல கருவிதான். ஆனால் பதிவில் 'மருந்து திரும்பியது, 1.45' என்றுதான் இருக்கும். கையில் மூன்று கவரோடு நின்ற பையன் இருக்க மாட்டான். அவனைப் பார்க்க ஃபைலின் பின்னாலேயே நடக்க வேண்டும்.

நான்கு மணிவாக்கில் சிஸ்டர் கவரை எட்டிப் பார்த்தார். பெட்ரியின் வட்டங்களைக் கண்டுகொள்ளவில்லை. பட்டைகள் போட்ட படத்தில் மட்டும் விரலை வைத்தார். "இந்தக் கோடு தப்பு சார். லேப்காரங்களா கணக்கு அனுப்ப மாட்டாங்க, நாங்கதான் போன் பண்ணிக் கேக்கணும்" என்று என் பேனாவை வாங்கி, அம்பின் தலையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.