ஏலகிரி ஏறும் அப்பாக்களே, முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, 64 வயதுக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு விடிவதற்குள் நண்பர்களோடு காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துப் பொன்னேரி வரை போய், அங்கிருந்து ஏலகிரிக்கு மிதித்திருக்கிறார். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வந்தபோதே வலது முட்டி பிடித்துக்கொண்டது. ஆனால் கூட வந்த இளவட்டங்கள் முன்னால் போய்விட்டார்கள், நாம் மட்டும் இறங்கித் தள்ளுவதா என்று வலியோடேயே உச்சி வரை மிதித்திருக்கிறார். திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடியவில்லை.

நேற்று வந்தவரையும் சேர்த்தால் இந்த வருஷம் இதே மலை, இதே முட்டி, கிட்டத்தட்ட இதே வயசு என்று ஏழு பேர் வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வேலூரில் 19 வருஷமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

முதலில் ஒன்று. சைக்கிளை விடச் சொல்லி நான் எழுதவில்லை. வீட்டில் பிள்ளைகள் "இந்த வயசுல எதுக்குப்பா" என்று கேட்பார்கள், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிரான்ஸில் ராபர்ட் மார்ஷாங் என்று ஒருவர் இருந்தார். இளமையில் சைக்கிள் ஓட்டி, நடுவில் பல வருஷம் விட்டு, அறுபதுகளின் கடைசியில் திரும்பவும் சீட்டில் ஏறியவர். 2012-இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். வயது கூடியது, தூரமும் கூடியது. இடையில் பயிற்சியை மாற்றிக் கொடுத்து அவரைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவருடைய உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்சத் திறன் 13 சதவீதம் உயர்ந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். அந்தப் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் லேசான மிதி, 20 சதவீதம் மட்டும்தான் கடினம். நம் ஆட்களுக்கு ஞாயிறு தவிர மிதியே கிடையாது, அந்த ஞாயிறும் முழுக்க மூச்சு முட்டத்தான் போக வேண்டும்.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால், வலி கொஞ்சம் தணிந்த ஒரு நாளில், கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியில் உட்கார வைத்தேன். கையை நெஞ்சின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினேன். 60-லிருந்து 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, பெண்ணுக்கு 12-க்குக் கீழே. 65-லிருந்து 69 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. அவர் 11 தடவை எழுந்தார். வாரா வாரம் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்!

அவருக்கே நம்ப முடியவில்லை. "இன்னாம்மா இது, சைக்கிள் மிதிக்கிறதே காலுக்கு எக்சர்சைஸ்தானே?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் நிதானமாக, முழுசாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம், நிமிஷத்துக்கு 70 சுற்று என்று மிதித்தால் ஒவ்வொரு காலும் 4,200 தடவை பெடலை அழுத்துகிறது. கேட்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் சமதளத்தில் ஒவ்வோர் அழுத்தமும் மிகச் சின்னது. ஒரு கிலோ பையை நாலாயிரம் தடவை தூக்குவதும், முப்பது கிலோ மூட்டையைப் பத்துத் தடவை தூக்குவதும் ஒன்றா? முதலாவது தாங்கும் திறனைக் கொடுக்கும், இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. இரண்டாவதுதான் தசையைப் பார்த்து "நீ இன்னும் தேவைப்படுகிறாய்" என்று சொல்லும். 30 வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, 60-க்கு மேல் அது வேகம் பிடிக்கிறது, அதிலும் வேகமாகவும் வலுவாகவும் இழுக்கிற நார்கள்தான் முதலில் போகின்றன. வளைவில் சரிவு திடீரென்று கூடும்போது கூப்பிடுவது அந்த நார்களைத்தான். சமதளத்தில் ஜாலியாக மிதித்துக்கொண்டிருந்தவரை அவை வேலைக்கு வரவேயில்லை. வராதவை அப்படியே கரைந்துபோகும். இத்தனை வருஷமாக மிதித்தவருக்கு எப்படி 11 வந்தது என்பதற்கு இதுதான் பதில். முதல் எட்டு வளைவுகளை அவர் இருக்கிற பலத்தைச் செலவழித்தே ஏறினார், ஒன்பதாவதில் கை இருப்பு தீர்ந்தது.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் ஏழு பேரில் ஐந்து பேர் கேட்ட அடுத்த கேள்வி, "அப்போ பெரிய கியர் போட்டு அழுத்தி மிதிச்சா பலம் வந்துடும் இல்ல?" ஐயா, தயவுசெய்து வேண்டாம். என்னிடம் வந்த முட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பெரிய கியரில் போனவைதான். முட்டி நன்றாக மடங்கியிருக்கும் நிலையில், ஒரே காலில், நிமிஷத்துக்கு 40 சுற்று என்று ஆயிரக்கணக்கான தடவை முழு பலத்தோடு அழுத்தினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பலத்தை வீட்டில் நாற்காலியிலும் படிக்கட்டிலும் சேருங்கள். மலையில் இருப்பதிலேயே சின்ன கியரில், அதாவது மிதிக்க லேசான கியரில் ஏறுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று அமைந்தால் நல்லது. சைக்கிள் கடையில் பின் பல்சக்கரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள், சில வண்டிகளில் சங்கிலியைப் பல் மாற்றிவிடும் டீரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கால் நிமிஷத்துக்கு 70-ஐ ஒட்டிச் சுற்ற வேண்டும். 50-க்குக் கீழே இறங்கிவிட்டது, இறக்க வேறு கியரும் இல்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள். சின்ன கியர் கிழவன் கியர் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். டூர் டி பிரான்ஸ் வீரர்களே செங்குத்தான மலைக்குச் சின்ன கியர் பூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது, சீட் உயரம். நின்றால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்திருக்கிறீர்கள், பாதிப் பேர் வண்டி அப்படித்தான் இருக்கிறது. விழுந்துவிடுவோம் என்கிற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சீட் இறங்க இறங்க முட்டியின் முன்பக்கம் தேய்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து அடி வரைக்கும் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதுதான் உயரம். வண்டியை நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டு, அரை மணி நேரம் போதும். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்காருங்கள். மாடிப்படியில் ஒரே காலை வைத்து ஏறி இறங்குங்கள், பிறகு மற்றக் கால். படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குங்கள், மலையில் பெடலைத் தள்ளுவதில் பெரிய பங்கு பின்புறத் தசையுடையது, அதை யாரும் கவனிப்பதே இல்லை. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமாக இல்லையென்றால் பை கனம் போதவில்லை. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். இதெல்லாம் இந்த வயசில் பலிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1990-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய, நலிந்த உடம்புக்காரர்களுக்கு 8 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு 64 தான் ஆகிறது.

சாப்பாடு. காலையில் நாலு இட்லி, மலையிலிருந்து இறங்கியதும் ஆம்பூரில் பிரியாணி, ராத்திரி ரெண்டு தோசை. தசை எதை வைத்துக் கட்டும்? உடற்பயிற்சி செய்கிற முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 1.2 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பயமாக இருக்கும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். நம் பக்கத்து வேர்க்கடலை, கொள்ளு, சுண்டல், முட்டை, மீன், கோழி எல்லாம் கைக்கெட்டும் விலையில்தான் இருக்கின்றன, டப்பாவில் வரும் புரத மாவு கட்டாயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

இனி வருவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கையில் கட்டியிருக்கிற வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை நம்பி மலை ஏறுகிறீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மெட்டோபிரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுகிற அளவு ஏறாது, மாத்திரையின் வேலையே அதுதான். 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு மாத்திரை சாப்பிடாதவருக்கே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே போகும். பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறதா, குறையுங்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் கிளம்பாதீர்கள், அன்று காலை தொடையில் ஊசி போட வேண்டாம், மிதிக்கிற கால் மருந்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அளவை மாற்றுவது உங்கள் மருத்துவர் வேலை, நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தாடை வலி, இடது கை கனம், தலைசுற்றல், என்றும் இல்லாத மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடா குடித்துவிட்டுத் திரும்பவும் ஏறுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே வராமல் போகலாம். 60 தாண்டி மலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொண்டு போங்கள்.

தண்ணீர் தாகத்துக்காகக் காத்திருக்காதீர்கள், வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். அந்த மாதத்தில் ஏழு மணிக்குள் மலை ஏறி முடித்திருக்க வேண்டும், முடியாதென்றால் போகவே வேண்டாம். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், விழுந்துவிடக் கூடாது. சைக்கிள் எலும்புக்குப் பலம் தருகிற பயிற்சி இல்லை, வருஷக்கணக்காக மிதித்தவர்களின் எலும்பும் மெலிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் திரும்ப எழுந்து நடப்பதே பெரிய பாடு.

பெரியவர் இப்போது செவ்வாய், வெள்ளி வருகிறார். முதல் வாரம் அரிசிப் பையைப் பார்த்து முகம் சுளித்தார். நான்காவது வாரம் 30 விநாடியில் 13 எழுந்தார், பக்கத்தில் நின்று எண்ணியது அவர் மனைவி. எண்ணி முடித்ததும் அந்த அம்மாவே, "எப்போ ஏலகிரி போலாம்னு இவரு கேக்க வெட்கப்படுறாருமா" என்றார்கள். முட்டி வலியில்லாமல் 15 வரட்டும், பின் பல்சக்கரத்தை மாற்றிவிட்டு வரட்டும், அப்புறம் ஏழாவது வளைவு வரை மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா காரில் பின்னாலேயே வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.