ஹார்ட் ஃபெயிலியர்: இதயச் செயலிழப்பா, இதய வலுவிழப்பா?

எக்கோ அறிக்கையில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதியிருந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "அப்போ ஹார்ட் நின்னுடுமா?" என்பதுதான். மருத்துவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். "ஹார்ட் வீக்கா இருக்கு, பம்பிங் கம்மியா இருக்கு" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பயத்தைக் கிளப்புவது அந்தச் சொல். அதைத் தமிழாக்கி நாம் எழுதிவரும் 'இதயச் செயலிழப்பு' பயத்தை இன்னும் ஒரு படி ஏற்றுகிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியவில்லை, அல்லது தன் அறைகளுக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டால்தான் செலுத்த முடிகிறது என்னும் நிலை இது. படியேறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். மாரடைப்பு இதுவல்ல. அது இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாய் அடைபடுவது. மார், அடைப்பு என்று சொல்லே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இதயத் துடிப்பு நின்றுபோவதும் இதுவல்ல. அது நிமிடங்களில் உயிர் போகும் அவசரம். ஹார்ட் ஃபெயிலியரோ பல ஆண்டுகள் கூடவே வரக்கூடிய நாட்பட்ட நோய். மாரடைப்பில் தசை செத்துப்போனதால் பின்னாளில் இது வரலாம். இரத்தக் கொதிப்பு, வால்வுக் கோளாறு, மதுப்பழக்கம், சில வைரஸ் தொற்றுகள் வழியாகவும் வரலாம்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'ஃபெயில்' பழைய பிரெஞ்சு 'ஃபையீர்' வழியாக வந்தது. அதன் வேர் லத்தீன் 'ஃபல்லெரே': ஏமாற்றுதல். ஏமாற்றுதல் எப்படிக் குறைபாடு ஆனது என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்தது என்கிறோம். மழை யாரிடமும் பொய் சொல்லவில்லை, எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. லத்தீன் சொல் பிரெஞ்சில் 'குறைபடுதல், எட்டாமல் போதல்' என்ற பொருளை எடுத்துக்கொண்டது. பார்வை மங்குவதையும் ஆங்கிலத்தில் இதே வினையால்தான் சொல்வார்கள். ஆக, நோயின் பெயரில் உள்ள 'ஃபெயிலியர்' நின்றுபோனதைச் சொல்லவில்லை, போதாமல் போனதைச் சொல்கிறது. தேர்வில் 'ஃபெயில்' என்று கேட்டுப் பழகிய நம் காதுக்குத்தான் அது முடிந்துபோன கணக்காக ஒலிக்கிறது.

வேறு சில மொழிகள் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. பிரெஞ்சில் 'அன்சுஃபிசான்ஸ் கார்தியாக்', அதாவது இதயப் போதாமை. ஜெர்மனில் மருத்துவர்கள் அதே லத்தீன் வழிச் சொல்லை எழுதுகிறார்கள், பொதுமக்கள் 'ஹெர்ட்ஸ்ஷ்வெஹே' என்கிறார்கள்: இதய பலவீனம். நம் ஊரின் 'ஹார்ட் வீக்' இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

தமிழில் செயலிழப்பு என்றால் செயல் போய்விட்டது என்று பொருள். வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்தார்கள் என்று படிக்கிறோம்; அந்தக் குண்டு பாதி வெடிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. சிறுநீரகத்துக்கு இந்தச் சொல் ஓரளவு ஒத்துவருகிறது. கடைசிக் கட்டத்தில் சிறுநீரகம் வேலையை உண்மையிலேயே நிறுத்திவிடும், டயாலிசிஸ் அந்த வேலையைச் செய்யும். இதயத்துக்கு அப்படியே எடுத்து ஒட்டியதுதான் தவறு என்பது என் கருத்து.

அதற்குப் பதில் 'இதய வலுவிழப்பு' என்று எழுதலாம். காதுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நோயில் உள்ளே நடப்பதைப் பற்றிய ஆராய்ச்சியே இந்தச் சொல்லின் பக்கம் நிற்கிறது.

இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது, ஏறத்தாழ 7,000 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. இதற்கான ஆற்றல் ஏடிபி என்னும் மூலக்கூறிலிருந்து வருகிறது. இதயத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபியின் அளவு மிகக் குறைவு; பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் செலவாகிப் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இப்படிச் சுழலும் ஏடிபியைக் கூட்டினால் சுமார் 6 கிலோ. இதயத்தின் எடையோ 300 கிராம் அளவுதான். இந்த ஏடிபியில் பெரும்பங்கை, செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் செய்கின்றன. இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவைதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை 'இழைமணி' என்கின்றன. இழை, மணி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து 1898இல் கார்ல் பெண்டா வைத்த பெயருக்குச் சொல்லுக்குச் சொல் நேர். தமிழ்நாட்டிலும் இதை எடுத்துக்கொள்ளலாம், எந்த நட்டமும் இல்லை.

ஏடிபி தீர்ந்துபோகும் கணத்தில் கைகொடுக்கும் இருப்பு ஒன்று உண்டு: பாஸ்போகிரியேட்டின். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தி ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதால் முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் போனது என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தசையில் பாஸ்போகிரியேட்டினை அவர் அறிவித்தது 1927இல். 1929இல் ஏடிபியையும் தனித்துப் பிரித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டறிந்தார்.

பத்தே ஆண்டுகளில் இது இதய நோய்க்கு வந்து சேர்ந்தது. 1939இல் அமெரிக்காவில் ஹெர்மனும் டெக்கர்டும், வலுவிழந்த இதயங்களில் கிரியேட்டின் குறைந்திருப்பதை எழுதினார்கள். 1940களில் ரிச்சர்ட் பிங், உயிரோடிருக்கும் மனிதரின் இதயத்திலிருந்து வெளிவரும் சிரை இரத்தத்தை மெல்லிய குழாய் விட்டு எடுத்து, இதயம் எதை எரிக்கிறது என்று அளந்தார். (இந்த மனிதர் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் இயற்றியவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.) நல்ல இதயத்தின் முதன்மை எரிபொருள் கொழுப்பு அமிலம், குளுக்கோஸ், லாக்டேட், கீட்டோன் எல்லாம் அதற்கு அடுத்தவை.

எம்ஆர்ஐ கருவியைக் கொண்டே செய்யும் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறை வந்த பிறகு, ஊசி குத்தாமலேயே இதயத்தின் பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தை அளக்க முடிந்தது. நல்ல இதயத்தில் அது 2க்கு அருகில் இருக்கும். இதய ஆய்வாளர் ஸ்டெஃபான் நாய்பவரின் குழு 1997இல் இதயம் பெருத்துத் தளர்ந்த 39 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, விகிதம் 1.6க்குக் கீழே போனவர்களில் இறப்பு கூடுதல் என்று காட்டியது. 2007இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, வலுவிழக்கும் இதயத்தை எரிபொருள் தீர்ந்த எஞ்சின் என்றது. புகழ்பெற்ற தலைப்பு, ஆனால் முழுவதும் சரியில்லை. இரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் தாராளமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை ஏடிபியாக மாற்றும் திறன்தான் இழைமணிகளில் குறைகிறது. ஏடிபியும் அற்றுப்போவதில்லை. முற்றிய கட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும், பாஸ்போகிரியேட்டின் அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிடும். 'இழப்பு' எவ்வளவு என்பது இங்கே முக்கியம்.

சிகிச்சையும் இதையே சொன்னது. இதயம் துவண்டிருந்தால் இன்னும் வலுவாகச் சுருங்க வைக்கலாம் என்று மில்ரினோனை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வந்த முடிவில் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. ஒரு காலத்தில் இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று ஒதுக்கிவைத்த பீட்டா பிளாக்கர்கள் இதயத்தின் வேகத்தையும் செலவையும் குறைப்பவை. 1999இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அவை இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. நின்றுபோன ஒன்றுக்கு ஓய்வு மருந்தாகாது. வலு குறைந்த ஒன்றுக்கு ஆகும்.

எல்லாம் ஆற்றல் கணக்குதான் என்று சொல்லிவிடவும் முடியாது. சர்க்கரை நோய்க்கென வந்த எம்பாகிளிஃப்ளோசின், 2020இல் இதய வலுவிழப்பிலும் நல்ல பலன் காட்டியது. கீட்டோன் என்ற நல்ல எரிபொருள் இதயத்துக்குக் கிடைப்பதால்தான் என்று பலர் கருதினார்கள். ஆக்ஸ்போர்டில் அந்தப் பாஸ்போகிரியேட்டின்–ஏடிபி விகிதத்தையே அளந்து பார்த்தபோது, 2023இல் வெளியான முடிவின்படி, மருந்து அதை மாற்றவில்லை. பலன் உண்மை, காரணத்தைப் பற்றிய வாதம் தொடர்கிறது.

'செயலிழப்பு' முற்றிலும் பொருந்தாத வகை ஒன்றும் உண்டு. சில நோயாளிகளுக்குச் சுருங்கும் திறன் நன்றாகவே இருக்கும், எக்கோவில் 50 சதவீதத்துக்கு மேல் காட்டும். ஆனால் இதயம் இலகுவாகத் தளர்ந்து விரியாது. சுருங்கத்தான் ஆற்றல் வேண்டும், விரிவது தானாக நடக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. தசை தளர, செல்லுக்குள் சிந்திய கால்சியத்தை மறுபடி செல்லின் சேமிப்பு அறைக்குள் ஏற்ற வேண்டும், அதற்கும் ஏடிபி செலவாகிறது. "பம்பிங் 55 இருக்கு, ஆனாலும் ஹார்ட் ஃபெயிலியர்" என்பதைச் 'செயலிழப்பு' வைத்து நோயாளிக்கு எப்படி விளக்குவது? (55 என்பது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண்ணும் அல்ல. நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு அது. நல்ல இதயமும் 70ஐப் பெரிதாகத் தாண்டாது.)

'வலுவிழத்தல்' நமக்குப் புதிய சொல்லும் அல்ல. புயல் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியது என்று வானிலை அறிக்கை சொன்னால், எல்லாம் முடிந்தது என்று யாரும் குடையை மடக்குவதில்லை. குறைந்தது என்பதும், இன்னும் இருக்கிறது என்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'இதயத் தளர்ச்சி' என்பாரும் உண்டு. அதில் எனக்கு ஒரு தயக்கம்: விரியாமல் விறைத்த இதயத்துக்குத் தளர்ச்சி என்று பெயர் வைத்தால் பொருளே புரண்டுவிடும். 'இதயப் போதாமை' பிரெஞ்சுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் பேச்சில் நிற்காது.

எழுதும்போது நாட்பட்டதை 'நாட்பட்ட இதய வலுவிழப்பு' என்றும், திடீரென மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓட வேண்டி வருவதை 'தீவிர இதய வலுவிழப்பு' என்றும் பிரிக்கலாம். முதல் முறை வரும் இடத்தில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுவது நல்லது. மருந்துச் சீட்டிலும் காப்பீட்டுப் படிவத்திலும் வாசகர் பார்க்கப்போவது அந்தப் பெயரைத்தான்.