ஹைஃபன்: இணைப்புக்குறியா, கழித்தல் குறியா?

லினக்ஸ் கட்டளைகளின் கையேடான மேன் பக்கத்திலிருந்து ஒரு கட்டளையை அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது. நான் எங்கே கோப்பைக் கேட்டேன், கொடுத்தது ஆப்ஷன்தானே (கட்டளையோடு -l மாதிரி சேர்க்கும் விருப்பத்தேர்வு) என்று கால் மணி நேரம் திரையை முறைத்த பிறகுதான் பிடிபட்டது: ஆப்ஷனுக்கு முன்னால் நின்றது வேறு கோடு. பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் இது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடில் 2010 என்ற எண் கொண்ட அசல் ஹைஃபன். கட்டளைக்குத் தெரிந்ததோ, அதற்கு முந்தைய ஆங்கில எழுத்துப் பட்டியலான ஆஸ்கியில் 45 என்ற எண் கொண்ட விசைப்பலகைக் கோடு மட்டும்.

ஹைஃபன் கிரேக்கச் சொல். 'ஹுப்போ' என்றால் கீழே, 'ஹென்' என்றால் ஒன்று. ஒன்றின் கீழ், அதாவது ஒன்றாக. சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுதிய காலத்தில், இந்த இரண்டையும் சேர்த்துப் படி என்று காட்ட எழுத்துகளுக்கு அடியில் ஒரு வளைகோடு போட்டார்கள், அதன் பெயர் இது. கோடு அப்புறம்தான் நடுவுக்கு ஏறியது. தமிழில் இணைப்புக்குறி என்பது கச்சிதம். சிறுகோடு என்றும் எழுதுகிறார்கள், அது உருவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை.

தட்டச்சுப் பொறியில் இணைக்கவும் கழிக்கவும் ஒரே விசை. ஆஸ்கியும் அதையே எடுத்துக்கொண்டது. யுனிகோடு அந்தக் கோட்டுக்கு 'ஹைஃபன்-மைனஸ்' என்றே பெயர் வைத்துவிட்டு, அசல் கழித்தல் குறிக்கு 2212 என்று தனி எண் கொடுத்தது.

மேன் பக்கங்களை வடிவமைக்கும் குரோஃப் என்ற நிரல், மூலத்தில் வெறும் கோட்டைப் பார்த்தால் இணைப்புக்குறி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன் கோடு வேண்டுமானால் பின்சாய்கோடு சேர்த்து \- என்று எழுத வேண்டும். பின்சாய்கோட்டை விட்டுவிடும் தவறை, குரோஃபோடு வரும் மேன் மேக்ரோக்கள் (வடிவமைப்புக் கட்டளைத் தொகுப்பு), வெறும் கோட்டையும் விசைப்பலகைக் கோடாகவே காட்டி ரொம்ப நாள் பூசி மெழுகிக்கொண்டிருந்தன. 2023இல் வந்த குரோஃப் 1.23 பதிப்பில் அதை நிறுத்தினார்கள், ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் வகை பழைய பூச்சைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அதற்காக, திருத்துகிறேன் பேர்வழி என்று கண்ணில் பட்ட கோட்டையெல்லாம் மாற்றிவிடாதீர்கள். கட்டளை, ஆப்ஷன், கோப்புப் பெயர் இவற்றில் மட்டும் மாற்றுங்கள். விளக்க வரிகளில் கூட்டுச்சொல்லுக்கு நடுவே வருவது உண்மையிலேயே ஹைஃபன்தான், அது அங்கேயே கிடக்கட்டும்.

சரி, ஆப்ஷன் கோட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? அது எதையும் இணைக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை, முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். நான் முன்கோடு என்று எழுதுகிறேன், --help மாதிரி நீள ஆப்ஷனுக்கு இரட்டை முன்கோடு. 'கழித்தல் குறி போடவும்' என்று எழுதினால் யாராவது அந்த 2212ஐத் தேடிப்பிடித்து ஒட்டிவிடுவார்கள்.