பதினான்கு வயது உடம்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

2025 அக்டோபர், நவம்பரில் மொராக்கோவில் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என வீழ்த்தி வட கொரியா கோப்பையைத் தக்க வைத்துக்கொண்டது. பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கமிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெண்பிள்ளைகளில் பலர் அந்தப் போட்டியைக் கைப்பேசியில் விடாமல் பார்த்தவர்கள். கூட வரும் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் அவர்களைவிட ஆர்வமாகப் பார்த்திருந்தார்கள். இந்தியா அதில் ஆடவில்லை. ஆனாலும் பேச்செல்லாம் இந்திய அணியைப் பற்றித்தான். அதே அக்டோபரில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் நம் பெண்கள் உஸ்பெகிஸ்தானை 2-1 என வென்று இதே வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். யாரை எடுப்பார்கள், யாரைக் கழிப்பார்கள் என்று காத்திருப்போர் இருக்கையில் தினமும் வாக்குவாதம்.

அந்த வாக்குவாதத்தில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும்: "ஒசரமான புள்ளைகளா, கட்டுமஸ்தான புள்ளைகளா பாத்து எடுக்கணும்." இதற்குச் சாட்சியாக 2022-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு இதே உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. புவனேஸ்வரத்தில் நம் அணி அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்றது. உடம்பு பத்தவில்லை, அதனால்தான் தோற்றோம் என்பது அவர்கள் கணக்கு.

இயன்முறை மருத்துவராக, வளரும் பெண்களின் முழங்காலையும் கணுக்காலையும் அன்றாடம் பார்க்கிறவளாக, நான் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் நாம் பார்க்கும் உயரமும் வேகமும் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் திறமை அல்ல. அவள் எந்த மாதம் பிறந்தாள், எப்போது வயதுக்கு வந்தாள், இரத்தத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றின் கூட்டுத்தொகை அது. இந்தக் கூட்டுத்தொகை ஆறு மாதத்தில் மாறிவிடும். நாம் எழுதும் "தகுதியில்லை" மட்டும் மாறுவதில்லை.

பிறந்த மாதத்திலிருந்து தொடங்குகிறேன். உலகக் கோப்பைக்கும் நம் மாநில, மாவட்டப் போட்டிகள் பலவற்றுக்கும் வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்பார்கள். இடையில் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு. பதின்மூன்று வயதில் ஓராண்டு என்பது சில பெண்களுக்கு ஆறேழு சென்டிமீட்டர் உயரம். தேர்வாளர் கண்ணுக்கு இது தெரியாது. பட்டியலில் பெயரும் பள்ளியும் மட்டும் இருக்கும்.

உலகக் கோப்பையிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த காலத்தில், 2022 போட்டிக்கு 2005 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் தகுதி பெற்றார்கள். 2024 போட்டிக்கு 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள். அப்படியானால் 2006-ல் பிறந்த பெண்ணுக்கு ஒரே வாய்ப்பு 2022. அதிலும் தன்னைவிட ஓராண்டு மூத்தவர்களோடு மோதித்தான் அவள் இடம் பிடிக்க வேண்டும். 2025 முதல் இந்தப் போட்டி ஆண்டுதோறும், 24 அணிகளோடு நடக்கிறது. எந்த ஆண்டில் பிறந்தவளுக்கும் அவளுக்கான முறை ஒன்று வரும். நல்ல மாற்றம். நம் மாவட்டத் தேர்வுகளைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஆண்டின் கடைசியில் பிறந்தவர்களால் முடியாதா? ஸ்பெயினின் சல்மா பரலுவேலோ பிறந்தது 2003 நவம்பரில். 2018-ல் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2021-ல் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 2022 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக இரண்டு கோல். 2023-ல் சீனியர் உலகக் கோப்பையும் கையில். நம் மனிஷா கல்யாணும் நவம்பர் மாதப் பிள்ளைதான். 2021-ல் பிரேசிலுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர். இவர்களுக்கெல்லாம் யாரோ பொறுத்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, கோப்பையை மட்டும் பார்க்கிறோம்.

அடுத்தது வளர்ச்சி. பெண்பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது பெரும்பாலும் 12 வயதை ஒட்டி. முதல் மாதவிடாய் அதற்குச் சுமார் ஓராண்டு கழித்து வரும். அதன் பிறகு உயரம் கூடுவது மெல்ல மெல்லக் குறையும். ஆகவே பத்தரை வயதில் வயதுக்கு வந்தவள் பதின்மூன்றில் எல்லாரையும்விட உயரமாக நிற்பாள். பதினாலில் வந்தவள் அப்போது சின்னப் பிள்ளையாகத் தெரிவாள். பதினேழில் இருவரும் ஒரே உயரத்தில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில நேரம் பிந்தியவளே உயரம்.

அந்த வேக வளர்ச்சியின் நடுவில் இன்னொன்று நடக்கும். எலும்பு முதலில் நீளும். தசையும் உடலின் சமநிலையும் பின்னால் வந்து சேரும். நேற்று வரை பந்தை ஒட்டி ஓடியவள் திடீரென்று கால் தடுமாறுவாள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கும். கிரவுண்டில் இதற்கு வைக்கும் பெயர் "சோம்பேறி". "போன வருஷம் நல்லா ஆடுனா டாக்டரம்மா, இப்ப மனசு வேற எங்கயோ போயிருச்சு" என்று அப்படி ஒரு பிள்ளையை அழைத்து வந்த அம்மாவே சொன்னார். மனசு எங்கும் போகவில்லை. கால் நீண்டிருந்தது. குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் சில வாரம் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் கோளாறு இது. அந்தச் சில மாதங்களுக்குள் ஒரு தேர்வு வந்து அவளைக் கழித்துவிட்டால்தான் பிரச்சினை.

இனி இரத்தம். இதை நம் கடற்கரையில் பலரும் நம்ப மறுக்கிறார்கள். "மீன் புடிக்கிற வீட்டுப் புள்ளைக்கு ரத்தம் கொறையுமா?" என்று கேட்பார்கள். குறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நாடு முழுக்க 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வலையில் ஏறும் நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது. வீட்டுக்கு வருகிற சூடையும் காரலும் முதலில் ஆண்கள் தட்டுக்கு. மாதவிடாய் அதிகம் போகும் பிள்ளை அதை வெளியே சொல்வதில்லை. வெறுங்காலோடு மணலில் நடப்பதால் கொக்கிப்புழு ஏறுவதும் உண்டு. இதோடு சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ. உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுப்பதில் டீக்குப் பெரிய பங்கு.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. ஒன்பதரையில் இருக்கிற பிள்ளையும் பந்தை அழகாக நிறுத்துவாள், துல்லியமாகக் கொடுப்பாள். முதல் இருபது நிமிடம் அவளைவிட்டால் ஆளில்லை. அப்புறம் மூச்சு வாங்கும், இடுப்பில் கை வைத்து நிற்பாள். தேர்வாளர் குறிப்பில் "ஸ்டாமினா இல்லை" என்று விழும். அவளுக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை, சாப்பாட்டில் கொஞ்சம் நெல்லிக்காயோ எலுமிச்சையோ, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் டீ இல்லாமை, மாதவிடாய் அதிகமாக இருந்தால் மகளிர் மருத்துவரின் ஆலோசனை. மாத்திரையால் மலம் கறுக்கும். பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை எளிதாகச் செய்துகொள்ளக்கூடியது. பள்ளி அணிக்குச் சேர்க்கும் நாளிலேயே அதைச் செய்துவிட வேண்டும் என்று பி.டி. டீச்சர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வேறொரு வகைப் பெண்களும் உண்டு. தேர்வுக்கு எடை குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரு வேளை பயிற்சி செய்வார்கள். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்றால் நல்லதாய்ப் போச்சு என்று இருந்துவிடுவார்கள். ஆட்டத்துக்குத் தேவையான சாப்பாடு உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எலும்பு மெலியும், சின்ன அடியிலும் விரிசல் விழும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். என் வேலையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். திடீரென்று திரும்புவதும் குதித்து இறங்குவதும் உள்ள ஆட்டங்களில் முன் சிலுவை ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கும்: ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் உள்பக்கம் மடிந்து, 'டப்'பென்று ஒரு சத்தம்; சில மணிநேரத்தில் வீக்கம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருப்பதாக நினைக்கிறேன். நம் பிள்ளைகள் ஆண்டு முழுக்க வெறுங்காலோடு கடற்கரை மணலில் ஆடுகிறார்கள். மணல் காலை வழுக்க விடும். தேர்வு நாளன்று மட்டும் கட்டாந்தரையில், அக்காவிடமோ பக்கத்து வீட்டிலோ இரவல் வாங்கிய ஸ்டட்ஸ் ஷூவில் இறங்குகிறார்கள். ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும், உடம்பு திரும்பும், முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும். காயம் இல்லாவிட்டாலும் கொப்புளத்தோடு ஆடுகிறவள் தன் ஆட்டத்தை ஆட முடியாது. தேர்வுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஷூவை வாங்கிக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் பழக்குங்கள்.

வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவுவதும் இறுக்கிக் கட்டுவதும் வழக்கமாக இருக்கிறது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். சரியாகிவிட்டது என்று மறுபடி இறங்குவாள். ஜவ்வு இல்லாத மூட்டு இரண்டாம் முறை நழுவும்போது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வளையமும் கிழிகிறது. முதல் காயத்தைவிட இது மோசம். அடிபட்ட அன்றே வீங்கிய முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள். அறுவை செய்தாலும் ஒன்பது மாதத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்ப அவசரப்படுத்தாதீர்கள். "அடுத்த மாசம் செலக்‌ஷன் இருக்கு, அதுக்குள்ள ஓட வச்சுருங்க" என்று என்னிடம் கெஞ்சாத தகப்பன் அபூர்வம். அவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் சம்மதிப்பதில்லை.

தடுக்க வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி: மெல்லோட்டம், பிறகு வயிறு, தொடை, சமநிலை, குதித்து இறங்கும் முறை, கடைசியில் வேக ஓட்டம். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,800-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்களிடம் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைவாக இருந்தன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று மட்டும் டீச்சர் பார்த்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

வயதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதியை மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயது பார்க்கும் முறை நம் நாட்டு இளையோர் போட்டிகளில் இருக்கிறது. பிடிபட்டால் தடை விழுவது பிள்ளைக்கு. பிடிபடாவிட்டால், உண்மையான வயதில் நிற்கிற இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடம் போகிறது.

மீண்டும் 2022-க்கு. அந்த 21 பேர் அணியில் ஆறு பேர் ஜார்க்கண்ட் பெண்கள். கேப்டன் அஸ்தம் ஒராவோனும் அந்த மாநிலத்தின் கும்லா மாவட்டத்துக்காரர். அவர்கள் உடம்பு பெரிதென்று எடுக்கப்பட்டவர்கள் அல்ல. நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. கடலூர்க் கடற்கரையிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். நமக்கு அருகில் காரியாபட்டியை இடமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 0-8 என்று தோற்ற அதே அணியிலிருந்த லிண்டா கோம் செர்ட்டோவும் ஷில்கி தேவியும் பின்னர் சீனியர் அணி வரை வந்தார்கள். அன்று ஸ்கோரைப் பார்த்து அவர்களைக் கழித்திருந்தால்?

தேர்வாளர்களையும் பயிற்சியாளர்களையும் ஒன்று கேட்கிறேன். பதினெட்டுப் பேர் பட்டியலோடு, அடுத்த பத்துப் பேருக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதம், உயரம், ஹீமோகுளோபின், அப்போது இருந்த வலி. வயதுக்கு வந்த விவரத்தை ஒரு பெண் ஆசிரியர் மூலம் தனியே கேட்டுக்கொள்ளலாம். எல்லார் முன்னாலும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டு மறுபடி ஆட விடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கழிக்கப்பட்டால் காரணத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். "ஒசரம் பத்தாது" என்றால் அவள் பிறந்த மாதத்தைச் சொல்லுங்கள். "ஸ்டாமினா இல்லை" என்றால் அந்த வாரமே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். "கால் வலி" என்றால் பயிற்சியைத் தொடரும் முன் காலைக் காட்டுங்கள்.